ஆடி கழியட்டும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிவிடுகிறார்கள். பெரிய அண்டாவில் கூழ். நானும் ஒரு சொம்பு வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறேன். முன்பெல்லாம் முதல் மடக்கிலேயே என் நாத்தனார் நினைவு வந்து சொம்பைக் கீழே வைத்துவிடுவேன். இப்போது அதுவும் இல்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு குருவிநத்தத்துக்குத் திரும்பி வந்தவள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. எங்கேயோ யுத்தம் நடந்தது. இங்கே கூலிக்காரர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. எங்கள் பத்தாயத்தில் நெல் இருந்தது. நாத்தனார் யாரையும் கேட்காமல் மாட்டுக்கொட்டகை ஓரம் அடுப்பைக் கூட்டி, உச்சிவேளையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள். “யாரு வூட்டுப் புள்ளன்னு கேக்காத. வவுறு காஞ்சிருக்கா, அத்தப் பாரு” என்பாள் என்னிடம்.

பக்கத்து ஊரான சோரியாங்குப்பத்திலிருந்தும் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். அதில் ஒருத்திக்கு ஏழு வயதிருக்கும். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு எப்போதும் வரிசையில் முதலில் நிற்பாள். தம்பி குடித்து முடிக்காமல் தான் வாய் வைக்க மாட்டாள். வரும் வழியில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் போடுவாள். “வாடி எம் மருமவளே, சீரு கொண்டாந்துட்டியா?” என்று நாத்தனார் கேட்டால் அந்தப் பெண் வெட்கத்தில் தம்பியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும். பிள்ளையில்லாத நாத்தனார் அவள் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

கஞ்சித்தொட்டி பற்றி எங்கள் பஞ்சாயத்தான கொம்யூனுக்குச் சேதி போயிற்று. கொம்யூன் தலைவரான மேர் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார். ஊருக்கு ஒன்று தொடங்கலாம் என்றார். ரைஸ்மில் முதலாளி அரிசி தருவதாகச் சொன்னார். கன்னியர் மடத்து அம்மாள் மீன் எண்ணெயும் மருந்தும் தருவதாக ஏற்றுக்கொண்டார். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் சோரியாங்குப்பம் என்று முடிவாயிற்று. மூட்டைகள் அங்கே போய் இறங்கின; முதலாளியின் ஆள் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனான். கொம்யூன் ஆள் ஒருவன் எங்கள் கொட்டகை வாசலில் நின்று, “ஒங்க ஊர்லியே தொறக்கப் போறாங்க, இனிமே இங்க வராதீங்க” என்று அந்த ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினான்.

அப்புறம்தான் முதலாளி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மறுநாள் ஆடி.

“ஆடியில யாராவது புதுக் காரியம் தொடங்குவாங்களாம்மா? ஆவணி ஒண்ணாந்தேதி ஜாம்ஜாம்னு வெச்சிக்கலாம்.” கோட்டுப் போட்ட மேரும் தலையாட்டினார். மடத்து அம்மாளுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. ஆனாலும் ஊர் வழக்கத்தில் தலையிடக் கூடாதென்று பேசாமல் இருந்துவிட்டார். “அம்மனுக்குக் கூழு ஊத்துற மாசத்துல கொழந்தைக்குக் கஞ்சி ஊத்துனா தோஷமா?” என்று நாத்தனார் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். “ஆடி கழியட்டும்மா” என்றார் முதலாளி. அதற்குமேல் அவளால் என்ன செய்ய முடியும்? தனியாக இருந்தவரை அவள் நினைத்தபோது அடுப்பு மூட்டினாள். இப்போது நாலு பெரிய மனிதர்கள் கூட இருந்தார்கள்.

அதுவரைக்கும் இங்கேயே வரச் சொல்லி சோரியாங்குப்பத்துக்கு ஆள் அனுப்பினாள். சில பிள்ளைகள் வந்தார்கள். மருமகள் வரவில்லை. “வராதன்னு சொன்ன வாசல்ல எம்மவ போயி நிக்கணுமா?” என்று அவளுடைய அம்மா கேட்டாளாம். அந்த ரோஷத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நாத்தனார் தானே போவதாகக் கிளம்பினாள். பெரிய வீட்டுப் பெண் கூலிக்காரர் குடிசை வாசலில் போய் நிற்பதா என்று என் வீட்டுக்காரர் மறித்துவிட்டார்.

ஆவணி முதல் தேதி பந்தல், மாலை, மேரின் பிரசங்கம் எல்லாம் நடந்தன. முதல் கரண்டி நாத்தனார்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். அவள் வரிசையின் முன்னால் பார்த்தாள். வேறு யாரோ ஒரு பையன் நின்றான். கடைசியாக அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். இடுப்பில் அந்தத் தம்பி இருந்தான்.

“எம் மருமவ எங்கடி?”

“பதினெட்டாம் பெருக்கு கழிச்சிக் காச்சல் வந்துச்சும்மா. தாங்கறதுக்கு ஒடம்புல இன்னா இருந்துச்சு? போய்ட்டா.”

நாத்தனார் முன்னால் நின்ற பையனின் தட்டில் கஞ்சி ஊற்றினாள். அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. பின்னால் கை தட்டினார்கள், முதல் கரண்டி ஊற்றியாயிற்று.

அடுத்த வருஷம் இன்னும் சில ஊர்களில் தொடங்குவதற்கு அதே கூடத்தில் கூடினார்கள். நாத்தனார் கதவோரம் நின்றபடி சொன்னாள்: “ஆடி ஒண்ணாந்தேதி அடுப்பு மூட்டணும்.” பெரிய சண்டை வரப்போகிறதென்று நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி காதைக் குடைந்தார். “செய்யலாம்மா, அதுக்கின்னா” என்றார். மேரும் சரி என்றார். உடனே அண்டா யார் தருவது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நாத்தனார் அடுக்களைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இவ்ளோதானாடி?” என்றாள்.

“இவ்ளோதான் அண்ணி” என்றேன்.