வெர்னா பெட்டியில் போட்ட உறை

டோலிடோ நகரத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள் வெர்னா. சரியான பிடிவாதக்காரி என்று தெருவில் பேச்சு. அது பொய்யுமில்லை.

கடை வளாகங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்குகளில் சிநேகிதி இர்மாவைப் பணம் போட வைத்தவள் அவள்தான். "மத்தவங்களுக்கு முன்னாடி நமக்குத்தான்டி குடுத்தாகணும்" என்று அடித்துச் சொன்னாள். முடிதிருத்தும் நிலையத்தில் கால் கடுக்க நின்று சேர்த்ததையெல்லாம் இர்மா அதில் போட்டாள். பிறகு வளாகங்களில் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஏழு காலாண்டாக ஒரு காசு வரவில்லை.

இப்போது நிறுவனம் கடிதம் போட்டிருந்தது. பாக்கியை மறந்துவிடுங்கள், இருபத்தைந்து டாலர் பங்குக்குப் பதினொன்று தருகிறோம் என்றது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு சம்மதமாக விழ வேண்டும். கூட வந்த ஓட்டு அட்டையைத் திருப்பி அனுப்பாவிட்டால் சம்மதமில்லை என்று கணக்கு.

இர்மா ஒட்டிய உறையை நீட்டினாள். "சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். போற வழியில பெட்டியில போட்டுடு."

"அவசரப்படாதடி. நாம மசியலன்னா கூடுதலா குடுப்பான்."

"உன் பேச்சக் கேட்டுத்தானே இந்தக் கதி?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. பணம் போனால் போகிறது, இர்மா போய்விடக் கூடாதே என்று உறையை வாங்கிக்கொண்டாள்.

தெருமுனை நீலத் தபால் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். உறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? இர்மாவுக்கும் நல்லதுதான். ஆனால் அடுத்தவர் கடிதத்தை அமுக்கிப் பழகாத கை. மனசில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. இர்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத போட்டியா?"

"போட்டேன்."

இர்மாவின் முள்கரண்டி நின்றது. "அடிப்பாவி! நீ போடமாட்டேன்னு நெனச்சுத்தானே உன்கிட்ட குடுத்தேன்!"

"வேணாம்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"உன்னத் திட்டின வாயால, நீ சொல்றதுதான் சரின்னு உடனே சொல்லணுமா? எனக்கு ரோஷம் இருக்காதா?"

வெர்னாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "வாரா வாரம் புது அட்டை அனுப்புறான்ல? கடைசியா தேதி போட்டு அனுப்புறதுதான் செல்லும்."

இர்மா கைப்பையைக் குடைந்து புதிய அட்டையை எடுத்தாள். சம்மதமில்லை என்ற கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டாள், அன்றைய தேதியை எழுதினாள், உறையை ஒட்டினாள்.

"இந்தா."

"இந்தத் தடவ நீயே போடு. எனக்கெதுக்கு வம்பு?"

"உன் கையில குடுத்தா போய்ச் சேந்துடும்னு இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. வாங்கிக்கடி."

வெர்னா வாங்கிக்கொண்டாள். பாதி மீன் தட்டிலேயே கிடக்க, கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள்.