தூணுக்குள் ஒரு செய்தித்தாள்

கான்கிரீட் தூணில் ஆணி அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆணி வளையும், விரல் நசுங்கும், வீட்டில் திட்டு விழும். போன வாரம் நான் அடித்த ஆணி, இரண்டாவது அடியிலேயே முழுசாக உள்ளே போய்விட்டது!

இடம், விளாங்குடியில் நண்பர் அமல்ராஜின் புது ஃப்ளாட். பள்ளி ஆசிரியர். குடியேறி மூன்று மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிக்க ஃபாதர் வருகிறார். அதற்குள் ஹாலில் திருஇருதயப் படத்தை மாட்ட வேண்டும். உயரமானவன் என்பதால் அந்த வேலை எனக்கு.

ஆணியைப் பிடுங்கினேன். கூடவே கையகலப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே... சிமென்ட் சாக்கு! அதோடு கசக்கித் திணித்த செய்தித்தாள்!

மேலே மூன்று மாடி இருக்கிறது.

"பிள்ளைக இதுக்குப் பக்கத்துலதானே படுத்துத் தூங்குதுக..." என்றார் அமல்ராஜின் மனைவி ஸ்டெல்லா.

அமல்ராஜ் என்ன செய்தார் தெரியுமா? கொத்தனாருக்குப் போன் போட்டார்!

"ஃபாதர் வாரதுக்குள்ள பூசிப்புடணும்ணே. பாக்குறவுக என்ன நினைப்பாக?"

படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது? போனைப் பிடுங்கி, என் வக்கீல் நண்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"பூசுனா சாட்சி போச்சு! போட்டோ எடுங்க. இன்ஜினியர்கிட்ட ரிப்போர்ட் வாங்குங்க. பில்டருக்கு எழுத்துல நோட்டீஸ் அனுப்புங்க."

"சாவி வாங்குறப்ப 'முழு திருப்தி'ன்னு கையெழுத்துப் போட்டுட்டேனே..." என்றார் அமல்ராஜ்.

"தூணுக்குள்ளயா எட்டிப் பாத்தீக? சாவி வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள இப்படிக் குறை தெரிஞ்சா, புகார் சொன்ன முப்பது நாள்ல பில்டர் தன் செலவுல சரிபண்ணணும். ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கு. பண்ணலைன்னா நஷ்டஈடு கேக்கலாம்."

அடுத்து பில்டரை அழைத்தோம். ஆள் பதறவே இல்லை.

"நாங்க குடுக்குறப்ப தூணு நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்கதான் என்னமோ இடிச்சு வேலை பாத்திருக்கீக."

அடப்பாவி!

ஸ்டெல்லா குனிந்து, பூச்சோடு விழுந்த தாளை விரித்தார். மேலே தேதி. சாவி கைக்கு வருவதற்கு எட்டு மாதம் முந்தைய தேதி!

"அப்ப, வீடு எங்க கைக்கு வாரதுக்கு முன்னாடியே நாங்க வந்து பேப்பரைத் திணிச்சுட்டுப் போனோமாண்ணே?"

லைன் கட்.

நோட்டீஸ் போய்விட்டது. பிள்ளைகள் திருமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார். ஓட்டையை நாங்கள் மூடவில்லை. தூணுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தீர்த்தம் தெளித்தார்.

பேப்பரில் எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்... பேப்பர் சாட்சி சொல்லும், மாடியைத் தாங்காது!