சந்தை முனையில் அம்மா போட்ட கியர்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கு, கோயிலில் ஓரமாக நின்று கும்பிடும் அம்மாவைத்தான் தெரியும். காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து கியர் போட்ட அம்மாவை அறிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. அதனால் மூத்த மகளான நான் அதையே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது இண்டூரில், உழவுக் குடும்பத்தில். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் தர்மபுரிக்கு வந்தார். அப்பா சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டினார். பெட்ரோல் குதிரைக்கொம்பாக இருந்த உலக யுத்த காலம் அது. ஒருநாள் காரைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது எதிர்த்து அடித்து, அப்பாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டும் கைக்குப் பிடி வரவில்லை. வலக்கையால் ஸ்டீரிங் பிடிக்கலாம், கியரை யார் போடுவது? வண்டியை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னபோது அம்மா, "நான் பக்கத்துல உக்காந்து போடறனுங்க" என்றாராம்.

அந்தக் காலத்துக் கியர் லேசில் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காலை விட்டு, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். அப்பா கியர் எண்ணைச் சொல்ல, அவர் காலும் அம்மாவின் கையும் ஒன்றுசேர வேண்டும். ஊருக்குள் திருப்பத்துக்குத் திருப்பம் இந்தப் பாடுதான். தவறினால் பற்சக்கரம் நறநறக்கும், வண்டி நின்றுவிடும். அடுப்படியில் கரண்டியைக்கூட அம்மா கியர் மாதிரியே இழுத்துப் பழகினார் என்று அப்பா கடைசிவரை கேலி செய்வார்.

எங்கள் வாடிக்கையில் பாதி, கடத்தூர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி வந்தது. ஒரு சந்தை நாளில், மகளைப் புகுந்த வீட்டில் விடப் புறப்பட்ட அவர், முன்னால் அம்மா இருப்பதைப் பார்த்து ஏற மறுத்துவிட்டார். பெண் கியர் போடும் வண்டியை நம்பி எப்படி ஏறுவது என்றார். அவர் விலகினால் மற்றவர்களும் விலகுவார்கள், வண்டி கைமாறிவிடும். அம்மா இடத்தை விட்டு எழவில்லை.

"சந்தை முனை தாண்டற வரைக்கும் வாங்க. ஒருக்கா சத்தம் வந்தாலும் நானே எறங்கிக்கறனுங்க."

பெரியவர் அரைமனதோடு மகளுடன் ஏறினார். சந்தை முனையில் சாலை மேடேறி மடங்கும். அன்று எதிரே புளிமூட்டை ஏற்றிய மாட்டுவண்டி, ஓரமெல்லாம் ஆடுகள். அப்பா ஸ்டீரிங்கை ஒடித்தார். 'ரெண்டு' என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் கியர் விழுந்திருந்தது. வண்டி சீராக மேடேறித் திரும்பியது. இறங்கும்போது பெரியவர் அப்பாவிடம் கேட்டார்: "நாளைக்கு நான் திரும்பறப்பவும் அந்தம்மாதான வருவாங்க?"

அடுத்த ஆண்டு அப்பாவின் கை தேறியது. அம்மாவை வீட்டில் விட்டுப் புறப்பட்டவர், தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, "நீ வா. என் கைக்கு அது நறநறங்குது" என்றார். தம்பி பிறக்கும்வரை அம்மா அந்த இருக்கையை விடவில்லை. நாங்கள் சாப்பிட்டது, படித்தது எல்லாம் அந்தக் கார் போட்ட சோற்றில்தான்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், முகம் சுளிக்காமல் உடனிருந்த தம்பி மனைவிக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இன்னும் ஒருவர் இருக்கிறார். அம்மாவின் இறுதிப் பயணத்துக்கு வேன் ஓட்டியவர். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சந்தை முனையில் அவர் கியரைக் குறைத்தபோது சின்னச் சத்தம்கூட வரவில்லை, அம்மாவின் தலை அசையவில்லை. அவருக்கு எங்கள் குடும்பத்தின் கும்பிடு.