என் வெளிச்சத்தில் எடுத்த படம்

பாண்டியில் அந்தப் பெரிய கேமராக் கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் விற்பனையாளர் என் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். என் கணவர் கரும்பு லாரி ஓட்டுகிறவர். கேமராவில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதுகூட அவருக்கு நிச்சயமில்லை.

"கபடி மேட்ச்சுக்கு. சாயந்திர நேரம். ஃப்ளாஷைத் தள்ளிக் கம்பத்துல கட்டி அடிக்கணும். எந்த ட்ரிக்கர் ஒத்து வரும்?" என்று கேட்டேன்.

"சார், மேடத்துக்கு வூட்டு ஃபங்ஷனுக்குத்தானே? பொறந்தநாள், காதுகுத்து அந்த மாதிரி?" என்று அவர் என் கணவரிடம் கேட்டார்.

"இவதாங்க போட்டோ எடுக்கறது. நான் வண்டி ஓட்டிக்கினு வந்தவன்" என்றார் என் கணவர்.

அதன் பிறகும் அந்த மனிதர் என் பக்கம் திரும்பவில்லை. கடையிலேயே விலை அதிகமான பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "ஸ்போர்ட்ஸுன்னா இதுதான் சார். மத்ததெல்லாம் வேஸ்ட்டு" என்றார். ஏன் வேஸ்ட் என்று கேட்டேன். "கம்பெனி ஐட்டம் மேடம்" என்பது மட்டும்தான் பதில். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாததை ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, எதிரே நிற்பது ஒரு பெண்தானே. எதையும் வாங்காமல் படியிறங்கினேன்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் சரக்கைச் சோதித்து அனுப்புவது என் வேலை. சனி, ஞாயிறுகளில் பெண்கள் கபடியைப் படமெடுக்கிறேன். ஆண்கள் ஆட்டத்துக்கு நாலைந்து கேமரா வரும். பெண்கள் ஆடும்போது அந்த நாலைந்து பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் ஆடினவள்தான். பாடிக்கொண்டு வருகிறவளின் காலைப் பிடிக்க எந்த நொடியில் கை நீளும் என்று எனக்குத் தெரியும். அந்த நொடியை எடுக்கத்தான் பழைய கேமரா ஒன்றைக் கைமாற்றி வாங்கினேன்.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத் திடல்களில் மாலை ஆட்டத்துக்குக் கட்டும் விளக்கு கேமராவுக்குப் போதாது. ஓடுகிறவளின் கை புகைபோல இழுபட்டுத் தெரியும். கேமரா தலையிலேயே ஃப்ளாஷை மாட்டி அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துப் போகும். மைதானத்தின் இரண்டு மூலையிலும் சவுக்குக் கழி நட்டு, உச்சியில் கழிக்கொரு சின்ன ஃப்ளாஷைக் கட்டினால்தான் உடம்பின் திருப்பம், வேர்வை, புழுதி எல்லாம் எழுந்து நிற்கும். நான் பொத்தானை அமுக்கும்போது தூரத்திலிருக்கும் அந்த ஃப்ளாஷ்களுக்கு 'அடி' என்று சொல்கிற சின்னப் பெட்டிதான் ட்ரிக்கர்.

கடைசியில் வில்லியனூரில் ஒரு கடைக்குப் போனேன். மொபைல் கவர், சார்ஜரோடு ஸ்டுடியோக்காரர்களுக்கான சாமான்களும் விற்கிற பாய் ஒருவர் நடத்துகிறார். நான் சொன்னதையெல்லாம் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"எனக்கு இதப் பத்தி அவ்ளோ தெரியாதும்மா. மலிவுல ரெண்டு தினுசு இருக்குது. ரெண்டையும் எடுத்துட்டுப் போ. கிரவுண்டுல வெச்சிப் பாரு. ஒத்து வராதத கொண்டாந்து குடு" என்றார்.

எனக்குத் தெரியாது என்று ஒரு கடைக்காரர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வாங்க வேண்டும் என்று தோன்றியது.

பாகூர் ஏரிப்பக்கத் திடலில் ஒரு பிற்பகல் முழுக்கச் சோதித்தேன். என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கும் கோட்டுக்கும் ஓடினார். முதல் தினுசு, இன்னொரு ஃப்ளாஷின் ஒளியைக் கண்டால் தானும் அடிக்கிற வகை. வெயிலில் அதற்குக் கண் தெரியவில்லை. மூன்று முறைக்கு ஒரு முறை தூங்கியது. இரண்டாவது, ரேடியோ சிக்னலில் வேலை செய்வது. நடுவில் ஒரு டிராக்டர் நின்றபோதும் தவறாமல் அடித்தது. கேமராக் கண் திறந்து மூடுகிற ஷட்டர் வேகத்தை இருநூறுக்கு மேல் ஏற்றினால் படத்தின் அடியில் கறுப்புப் பட்டை விழுந்தது. பரவாயில்லை. ஃப்ளாஷின் பலத்தைக் குறைத்து வைத்தால் அந்த ஒளியே கண்ணிமைப்பதைவிடச் சட்டென்று அடித்து ஓய்ந்துவிடுகிறது. அசைவை நிறுத்துவது அதுதான், ஷட்டர் இல்லை. பாண்டிக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

ரேடியோவையே வைத்துக்கொண்டேன். அதில், ரேடியோ ஸ்டேஷன்போல, நாலே நாலு சேனல்தான். நமக்கென்று தனி எண் வைத்துப் பூட்டிக்கொள்ளும் வசதியுள்ள இன்னொரு மாடலும் பாயிடம் இருந்தது. அதன் விலை என் கைக்கு எட்டவில்லை. பூட்டு எதற்கு, நம் ஊர்த் திடலில் என்ன திருட்டு நடக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

அதே பாகூர்த் திடலில் ஓர் இளைஞர் குழு இரண்டு நாள் பெண்கள் போட்டி நடத்தியது. கமிட்டியே ஒரு ஸ்டுடியோக்காரரைப் படமெடுக்க அமர்த்தியிருந்தது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும் அவருக்கு. பெரிய லென்ஸ், பாக்கெட் நிறைய வைத்த ஜாக்கெட். அவரும் தன் ஃப்ளாஷ் ஒன்றை ஸ்டாண்டில் வைத்திருந்தார். நான் அனுமதி கேட்டு என் கழிகளை நட்டேன்.

முதல் நாள் என் ஃப்ளாஷ்களுக்குப் பேய் பிடித்தாற்போல இருந்தது. நான் அமுக்காமலே அடித்தன. நான் அமுக்கும்போது அடிக்கவில்லை. ஒரு முறை அடித்தால் மறுபடி சக்தி ஏற இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த இடைவெளியில்தான் என் விரல் ஒவ்வொரு முறையும் போய் விழுந்தது. நெட்டப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, நெல்லும் கரும்பும் பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை, கை கோத்து மறித்த மூன்று பேரைத் தாண்டிக் குதித்தாள். இரண்டு காலும் மண்ணில் இல்லை. நான் சரியான நொடியில் அமுக்கினேன். என் படத்தில் இருட்டுதான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மலிவுச் சரக்கை வாங்கிய என்னையே திட்டிக்கொண்டேன். பேட்டரிகளை மாற்றினேன், முனைகளைத் துடைத்தேன். கூடத்தில் வைத்து நூறு முறையாவது அடித்துப் பார்த்தேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

இரண்டாம் நாள் அரையிறுதி நடக்கும்போதுதான் கவனித்தேன். ஸ்டுடியோக்காரர் அன்றைக்கு ஃப்ளாஷ் ஸ்டாண்டே கொண்டுவரவில்லை. ஆனால் அவர் கேமரா தலையில் என்னுடையதைப் போலவே ஒரு குட்டிப் பெட்டி இருந்தது. அவர் குனிந்து அமுக்கும்போதெல்லாம் என் கழி உச்சியில் பளிச் பளிச்சென்று அடித்தது. நம்ப முடியாமல், போய் என் ஃப்ளாஷ் இரண்டையும் அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். அவர் இரண்டு படம் எடுத்தார். திரையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு நேராக நிமிர்ந்து என் கழியைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். தன் வீட்டில் கரண்ட் போனால் மீட்டரைப் பார்ப்பது போல உரிமையோடு பார்த்தார்.

அவரிடம் நடந்து போனேன். "அண்ணே, உங்க ஃப்ளாஷ் எங்க?"

"இன்னிக்கு எடுத்தாரலம்மா."

"அப்புறம் கேமரா மேல எதுக்கு ட்ரிக்கர்?"

அவர் சிரித்தார். "நேத்தே பாத்தேன், ஒன் லைட்டு எனுக்கும் சேத்து அடிச்சிது. ஒரே சேனலு. நல்லாத்தான இருக்குது, ரெண்டு பேருக்கும் ஆவட்டும்னு வுட்டுட்டேன்."

"எனக்கு ஆவலையே அண்ணே! நீங்க அமுக்குனா என்னுது காலியாப் பூடுது. நேத்து அந்தப் பொண்ணு தாண்டுனது எனக்கு இருட்டா வுழுந்துக்குது. தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க. ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"இன்னாம்மா, காத்துல போற சிக்னலு. அதுக்குப் பட்டா வெச்சிருக்கறியா?"

கழியும் என்னுடையது, ஃப்ளாஷும் என்னுடையது, அதை எந்த உயரத்தில் எந்தச் சாய்வில் கட்ட வேண்டும் என்று ஒரு பிற்பகல் வெயிலில் நின்று கற்றுக்கொண்டது நான். கமிட்டிச் செயலாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்பது போலத்தான் தலையாட்டினார்.

"சண்ட வாணாம்பா. அவரு கமிட்டி சொல்லி வந்துக்கறாரு. நீ ஆசைக்கு எடுக்கற. கொஞ்சம் அனுசரிச்சிப் போ" என்றார்.

ஆசைக்கு எடுக்கிறவளுடைய பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? இதே மனிதர் என் கணவரிடம் இப்படிப் பேசியிருப்பாரா? நான் சேனலை மாற்றினேன். இருப்பது நாலு. பத்து நிமிடத்துக்குள் அவரும் கண்டுபிடித்து மாற்றிக்கொண்டார். மாற்றிவிட்டு என்னைப் பார்த்து விளையாட்டுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊத இருந்தார்கள். கழிகளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோட்டுக்குள் பதினாலு பெண்கள் நின்றார்கள். அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கழியில் கட்டிய ஃப்ளாஷ்களை அவிழ்த்தேன். ஒன்றைப் பைக்குள் போட்டேன். மற்றதை, சிக்னலும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம் என்று, நேரே கேமரா தலையில் மாட்டினேன். முகம் வெளுக்கும், பின்னால் எல்லாம் கறுத்துப் போகும். தெரிந்தேதான் செய்தேன். எல்லைக் கோட்டை ஒட்டி மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கு அவருடைய கேமராவில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு நடுவில் அவர் பெட்டியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். என்னுடையதில் நெட்டப்பாக்கத்துப் பெண் இருந்தாள். இரண்டு பேர் காலைக் கட்டியிருக்க, வயிற்றால் ஊர்ந்து, நடுக்கோட்டுக்கு விரல் நீட்டியபடி. அழகான வெளிச்சம் இல்லை. ஆனால் பல்லைக் கடித்திருந்தது தெரிந்தது. அந்தப் புள்ளியில்தான் அவள் அணி ஜெயித்தது.

அடுத்த வாரம் பாகூரில் பெரிய பேனர் ஒன்று வைத்தார்கள். வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். முதல் நாள் அவள் மூன்று பேரைத் தாண்டிய அந்தக் குதிப்பு. கீழே மூலையில் ஸ்டுடியோவின் பெயர். அவருடைய ஸ்டாண்டு ஃப்ளாஷின் நிழல் ஒன்று போக, மண்ணில் அவளுக்கு இன்னும் இரண்டு நிழல், இரண்டு திசையில், என் இரண்டு கழிக்கும் எதிர்ப்பக்கமாக. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் "அது என் லைட்டு" என்று சொன்னேன். அவள் தெருவிளக்கைப் பார்த்தாள்.

அன்று மாலை செயலாளரிடம் போனேன். நிழலைக் காட்டி விளக்கினேன்.

"லைட்டுக்கெல்லாம் யாராச்சும் பேரு போடுவாங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த நெட்டப்பாக்கத்துப் பெண்ணே என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். இறுதி ஆட்டத்துப் படத்தை அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டு, பேனரைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன்க்கா. சூப்பரா இருக்குது. ஆனா எங்க டீம் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. காசு குடுத்தவங்க பேரெல்லாம் இருக்குது. எங்கப்பா கேக்கறாரு, இது நீதானா, வேற யாராச்சுமான்னு."

அதுவரை என் கோபம் எனக்காக மட்டும் இருந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ட்ரிக்கரைத் தூக்கிக்கொண்டு மறுபடி வில்லியனூர் போனேன். பாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்புப் பண்ணவன் அவன். பூட்டு வாங்கற செலவு ஒனுக்கா?" என்று கொதித்தார். அவர் கொதித்தது எனக்குப் பெரிய ஆறுதல். பழையதை எடுத்துக்கொண்டு, தனி எண் வைக்கிற மாடலைத் தவணையில் கொடுத்தார். கடையிலேயே நின்று எண்ணை வைத்துப் பூட்டினேன். பாய் தலையைத் திருப்பிக்கொண்டார். "எங்கிட்டயும் சொல்லாத" என்றார்.

தவளக்குப்பத்தில் அடுத்த போட்டி. ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார், இந்த முறையும் ஸ்டாண்டு இல்லாமல். நாலைந்து படம் எடுத்தார், பெட்டியைத் தட்டினார், ஒவ்வொரு சேனலாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"இன்னா சேனல்ல வெச்சிக்கற?"

"நீங்க மொத நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணே. ஆளுக்கு ஒரு சேனல் பிரிச்சிக்கினு இருக்கலாம். ஏன், நான் எடுக்காத நேரத்துல உங்களுக்கு லைட்டையும் குடுத்திருப்பேன்."

"சரி வுடும்மா, ஒரு போட்டோவுக்கு இவ்ளோ பேச்சா" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. போய்த் தன் வண்டியிலிருந்து சொந்த ஃப்ளாஷை எடுத்து வந்து ஸ்டாண்டில் மாட்டினார். வண்டியில் வைத்துக்கொண்டே அத்தனை நேரம் என் வெளிச்சத்தைத் தேடியிருக்கிறார். அந்த எரிச்சலோடுதான் முதல் ஆட்டம் முழுவதையும் எடுத்தேன். ஃப்ளாஷ் அடிக்க வேண்டிய நொடியில் அடித்தது, படமெல்லாம் விழ வேண்டியபடி விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிப் பெண்களிடமும் போய், ஒவ்வொருத்தியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.