சரோஜா அக்கா பூக்க விடாத கொடி

கெலிஓயா போகும் பஸ்ஸில் இருந்தபோது சரோஜா அக்காவின் மகன் போனில் பேசினான். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க." சரி என்றேன். இறங்கி, வாங்க வந்த போஞ்சிக்காயை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அழுகை அன்றும் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை.

நம் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைக் கண்டிப்பான எழுதுவினைஞராகத்தான் தெரியும். அம்பிட்டியவில் அவர் வீட்டு வேலியைச் சிலரே பார்த்திருப்பீர்கள். பிலிமத்தலாவைப் பக்கம் வீதியை அகலமாக்கியபோது, வெட்டிப் போட்ட மண்ணில் கிடந்த கார்த்திகைப்பூக் கிழங்கு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அங்கே நட்டார். உரம் கிடையாது, தண்ணீரும் ஊற்றமாட்டார். கோடையில் கொடி பட்டுப்போய் இருந்த இடமே தெரியாது. ஐப்பசி மழை விழுந்ததும் முளை வந்துவிடும். "ரொம்பத் தாங்குனா இதுக்குப் பிடிக்காது" என்பார்.

அப்புறம் வடக்கில் சண்டை முற்றியது. அந்தப் பூ அங்கே போராட்டத்தின் அடையாளமாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கு அது நியங்கலா, சும்மா ஒரு காட்டுப்பூ. ஆனால் தமிழர் வீட்டு வேலியில் பூத்து நின்றால், சோதனைக்கு வருகிற ராணுவத்தினர் அப்படியா பார்ப்பார்கள்? வீட்டில் வயதுவந்த மகன் வேறு. அக்காவின் கணவர் ராமலிங்கம் அண்ணன் கெஞ்சினார்.

"பிடுங்கிப் போட்டுரு சரோஜா. ஒன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"பிடுங்க மாட்டேன். பூக்க விடவும் மாட்டேன். போதுமா?"

அதிலிருந்து மொட்டு தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிவிடுவார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வேலியோரம் ஒரு சுற்றுப் போவார். பூவுக்குப் போகாத சத்தெல்லாம் கிழங்குக்குப் போனது. ஆண்டுக்காண்டு கொடி தழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தபோது சோதனைக்கு வந்தார்கள். ஒருவர் வேலியில் சாய்ந்துகொண்டு மகனின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஆடியது. வெறும் இலை. அட்டை திரும்பக் கைக்கு வந்தது. அவர்கள் போனபின் அக்கா எனக்குச் சோறு போட்டார். நடுவில் எழுந்து போய், தாழ்ப்பாள் போட்ட கதவை மறுபடி தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். "பயமில்லாம இருக்கிறவ கெட்டிக்காரி இல்லடி, கொடுத்து வச்சவ" என்றார்.

சண்டை ஓய்ந்தது. மகனுக்குக் கல்யாணமும் ஆனது. அக்கா கிள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை. "இனி என்னக்கா பயம்? ஒரு தடவை பூக்கட்டுமே" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "இந்த வருசம் போகட்டும்டி" என்பார். சில நேரம் எனக்கு அவர்மேல் கோபமே வந்திருக்கிறது.

இம்முறை மொட்டு வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். யாருக்கும் வேலி ஞாபகமில்லை. அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில், காலையிலேயே போய்விட்டேன். வேலி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. ராமலிங்கம் அண்ணன் ஒவ்வொன்றாகக் கிள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே. இப்ப யாரு கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா, தெரியும். அவ வந்து பார்த்தா ஏசுவா."

நான் தடுக்கவில்லை. அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தவற்றை வளைத்துப் பிடித்துக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது துணிச்சல் என்று எழுதினால் பொய். அன்று அத்தனை பூக்களையும் கண்டதும், அழகாயிருக்கிறதே என்று நினைப்பதற்கு முன்பே, யாராவது வருகிறார்களா என்று வீதியைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா, உங்களுடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.