தேங்காய்த்திட்டில் நான் அழித்த வேர்கள்

மறுநாள் கணக்குப் பரீட்சை. போன செமஸ்டரில் கோட்டைவிட்ட அதே பேப்பர். புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. அதற்கு நானே கண்டுபிடித்த மருந்து வாட்டர் கலர். போனை அணைத்துப் பையில் போட வேண்டும். வேறு நினைப்பே இல்லாமல் ஒரே மரத்தை வரைய வேண்டும்.

காலையில் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். கடல்தண்ணீர் ஏறி இறங்கும் அந்தக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் அடர்ந்திருக்கும். கரையிலிருந்து பார்த்தால் போதாதா? போதாது எனக்கு! சேற்றுத்தடம் வழியாக நடந்து, ஒரு மண்திட்டில் போய் உட்கார்ந்தேன்.

தண்ணீருக்கு மேலே சிலந்திக் கால்கள் மாதிரி வேர்கள். பென்சிலால் நீளநீளமாக வரைந்தேன். வண்ணம் கலந்துவிட்டு நிமிர்ந்தால் வேர்கள் குட்டையாக இருந்தன. சே, அளவு தப்பிவிட்டதே என்று ரப்பரால் அழித்தேன். மறுபடி நிமிர்ந்தேன். இன்னும் குட்டை. மறுபடி அழித்தேன். மனம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

செருப்புக்குள் சில்லென்று நனைந்தபோதுதான் புரிந்தது. நான் தப்பாக வரையவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வந்த தடத்தையே காணோம். எனக்கு நீச்சல் தெரியாது. பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தேன்; கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது.

"ஏ பாப்பா! அங்க இன்னா பண்ற?" தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகுக்காரர்.

"தண்ணி ஏறுதுண்ணா!"

"தெரியுது. நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணா!"

"நல்லா வந்த போ! நவுராத, சேறு உள்ள இழுக்கும். வந்துட்டேன்."

அவர் வலையைச் சுருட்டி முடிப்பதற்குள் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அம்மாவிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கே வந்து தேடுவாள்?

கையைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். என் கையில் கசங்கியிருந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மரம் தண்ணியில மெதக்குது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை எழுதினேன். இப்போதும் அங்கே போய் வரைகிறேன், கரையில் உட்கார்ந்து, அம்மாவிடம் இடத்தைச் சொல்லிவிட்டு. முதல் வேலையாகத் தண்ணீரோரம் ஒரு குச்சியை நட்டுவிடுவேன். ரப்பரைத் தொடும்போதெல்லாம் கண் தானாகக் குச்சிக்குப் போய்விடுகிறது.