பிரேமாக்கா வாங்கிய மோடம்

பிரேமாவதி சொந்தமாக மோடம் வாங்கியதில் பாதிப் பங்கு என்னுடையது. யோசனை சொன்னவன் நான்தான். அதனால் இதை எழுத உட்காரும்போதெல்லாம் எதையாவது எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவர் இருப்பதும் நான் இருப்பதும் அடுத்தடுத்த வாடகை வீடுகள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவன். விசா முடிகிற தேதி மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் வாரத்துக்கு இரண்டு தரம் கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்கிற ஆள். பிரேமாக்காவுக்கு அது தெரியும். "என்ன தம்பி, இன்னிக்குப் பாஸ்போர்ட் பத்திரமா இருக்கா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். "ஓமக்கா" என்பேன். "எப்பப் பார்த்தாலும் ஓம் ஓம்னு, மந்திரம் சொல்ற மாதிரி" என்று சிரிப்பார்.

அவர் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ஆறு வருஷம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளி. இருபத்தொரு வயதில் கூலிமுக்குப் போகிற தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார். இருபத்தேழு வருஷம், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண்ணைவிடச் சின்னச் சில்லுகளில் பழுது தேடுகிற வேலை. தூசி நுழையாத அறை. பவுடர் கூடாது, பூ கூடாது, நெற்றியில் ஒன்றும் கூடாது. வாசலில் பொட்டை அழித்துவிட்டுப் போய், திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வைத்துக்கொள்வாராம். போன வருஷம் அந்த லைனையே கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டது. ஒரு கேக் வெட்டி, கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கு முன்பே அவருடைய கணவர் குணாளன் படுத்துவிட்டார். லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி வந்தது. ஹாலில் கட்டில், அதன் மேல் காற்றடிக்கிற மெத்தை, அதற்கு இரவும் பகலும் ஓடுகிற ஒரு சின்ன மோட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக முடியாது. போகாமலும் முடியாது.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. கிளினிக்குகளுக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, தமிழிலும் மலாயிலும் பேசி, டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுக்கிற வேலை. கணினியை அவர்களே அனுப்புவார்கள். கைப்பேசி டேட்டா ஆகாது, வயர் போட்ட இன்டர்நெட் வேண்டும். ஐந்து நாள் சோதனை. அந்த ஐந்து நாளில் லைன் பத்து நிமிஷத்துக்கு மேல் அறுந்தால், சிஸ்டமே பெயரை எடுத்துவிடும்.

இன்டர்நெட் கம்பெனி மோடம் தரத் தயாராக இருந்தது, இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு. வீட்டுச் சொந்தக்காரரான தவுக்கேயோ வீட்டை விற்கப் போகிறேன் என்று மாதா மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்: "மோடத்தைச் சொந்தமா வாங்கினா ஒப்பந்தம் வேண்டாம் எண்டு போட்டிருக்கக்கா. வீடு மாறினாலும் கையோட கொண்டு போகலாம்."

"அப்ப அதான் சரி" என்றார் உடனே. "ரெண்டு வருஷத்துக்கு எங்க இருப்போம்னு யாருக்குலா தெரியும்."

சனிக்கிழமை டவுனில் பரஞ்சோதி என்பவர் நடத்துகிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அவர் நான்கு கொம்பு வைத்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"அக்கா, இது மூணு மாடி வீட்டுக்கே பிடிக்கும்."

"எனக்கு மாடி இல்லையே. ஒரு ஹால், அதுல ஒரு கட்டில். இதுல சுவர்ல இருந்து வர்ற கண்ணாடி இழை வயர் நேரா ஏறுமா?"

"இல்லக்கா, அதுக்கு வேற மோடம் வேணும். இது வைஃபை மட்டும்தான்."

"அப்ப எனக்கு ஏன் காட்டுறீங்க?"

இன்டர்நெட் கம்பெனி ஏற்றுக்கொள்கிற மோடங்களின் பட்டியலைப் பிரேமாக்கா கையில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சுவரில் இருக்கிற கண்ணாடி இழைப் பெட்டியின் வாயைப் படம் எடுத்து வைத்திருந்தார். பட்டியலில் இருந்த ஒரு மோடத்தை எடுக்கச் சொல்லி, அதன் பெட்டியின் முத்திரை பிரிந்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பார்த்தார். பரஞ்சோதி சலித்துப்போய், "அக்கா, நீங்க என்ன பேக்டரில தரம் பாக்குற கியூசியா?" என்றார். "ஆமா தம்பி" என்றார் இவர், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை மோடத்தைப் பொருத்திப் பூட்டினோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பூட்டியது அவர். நான் டார்ச் பிடித்தேன். கண்ணாடி இழையின் நுனியை நீலத் தொப்பி மூடியிருந்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க தம்பி. விரல்ல எண்ணெய் இருக்கும்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றில் உலரவிட்டு, தொப்பியைக் கழற்றிய அதே நொடியில் நுனியை உள்ளே தள்ளினார். டிக் என்றது. பெட்டியின் அடியிலிருந்த நீளமான எண்ணை கம்பெனிக்காரனிடம் போனில் மலாயில் படித்துக் கொடுத்தார். அவன் அவசரப்படுத்தினான். இவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊர்ப்பெயர் சொல்லி, அவனைத் திரும்பச் சொல்ல வைத்து, நன்றி சொல்லி வைத்தார். இந்த வேலைக்கு இவரைவிட வேறு யார் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது, பச்சை துடித்தது, பிறகு நின்று எரிந்தது. கட்டிலிலிருந்து குணாளன் இடது கையால் தொடையில் தட்டினார். அது அவருடைய கைதட்டல்.

ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. ஹாலில் இரண்டே இரண்டு சொக்கட். ஒன்று மெத்தை மோட்டாருக்கு. மற்றது சாமி மேடைக்குக் கீழே. அதில் மேடையின் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு நீட்டு வயர் போட்டு மோடத்தையும் சேர்த்தாயிற்று. பல்புக்கும் மோடத்துக்கும் சுவரில் ஒரே சுவிட்ச்.

"அக்கா, இதை ஆராவது நிப்பாட்டினா?"

"இதையா? குடிவந்து பதினோரு வருஷமாச்சு, ஒரு நாள் அணைஞ்சதில்ல. இந்த வீட்டுல யார் கையும் படாத சுவிட்ச் இது ஒண்ணுதான் தம்பி. நீங்க போய்ப் பசியாறுங்க."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கள், செவ்வாய், புதன் நன்றாகப் போயின. கோலாலம்பூரிலிருந்து கண்காணித்த காஞ்சனா என்ற பெண், "அக்கா, உங்க வாய்ஸ் கேட்டாலே பாதி நோய் போயிரும் போல" என்று செய்தி அனுப்பியிருந்தார். அதைப் பிரேமாக்கா எனக்கும் காட்டினார், குணாளனுக்கு இரண்டு தரம் படித்தார்.

வியாழக்கிழமை நடந்ததை அன்று மாலை நான் வேலை விட்டு வந்தபோது அவரே சொன்னார்.

காலை பதினோரு மணிக்கு ஒரு வயதான அம்மாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கண் ஆபரேஷனுக்கு நாள் கேட்ட அம்மா. அப்போது குணாளனின் தங்கை ஷீலா, கேட்டைத் தள்ளிக்கொண்டு அழுதபடியே உள்ளே வந்தார். ஜித்ராவில் இருந்த மூத்த அண்ணன் அம்மாசி காலையில் குளியலறையில் விழுந்து இறந்துவிட்டார். வெளியே காடி நின்றது. ஷீலாவின் கணவர் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

பிரேமாக்கா காதில் ஹெட்செட்டோடு, ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று காட்டினார்.

"அண்ணன் செத்துக் கிடக்கு அங்க. உனக்குப் போனு கேக்குதா அண்ணி?" என்றாராம் ஷீலா. பிறகு கட்டிலுக்குப் போய்க் குணாளனைக் கட்டிக்கொண்டு அழுதார். குணாளன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தூக்கிக் காடியில் வைப்பதும் முடியாது, அதற்குப் பெல்ட் வைத்த வேன் வேண்டும். அவர் சாமி மேடையைப் பார்த்து இடது கையை நீட்டினார். பேச்சு திணறியது. ஷீலாவுக்குப் புரிந்தது. கூடப் பிறந்தவன் இறந்த வீடு, பதினாறு நாள் விளக்கு எரியக்கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவிட்சை அணைத்தார். கொடியிலிருந்த ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துவந்து மேடைக்குத் திரை போட்டார்.

"அந்தப் பாட்டி 'வெள்ளிக்கிழமை வேணாம்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்படியே நின்னு போச்சு" என்றார் பிரேமாக்கா.

கணினித் திரையில் பத்து நிமிஷம் இறங்குமுகமாக எண்ணத் தொடங்கியது. அவர் எழுந்து மேடையருகே போனார். ஷீலா அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றார். ஒன்பது, எட்டு.

நான் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டேன். "அந்த பல்பின்ர வயரை மட்டும் இழுத்துப்போட்டு சுவிட்சைப் போட்டிருக்கலாமே அக்கா! ரெண்டு நிமிஷ வேலை."

"தெரியும் தம்பி. இருபத்தேழு வருஷம் பேக்டரில நின்னவளுக்கு அது தெரியாதா?"

"பிறகேன்?"

"பல்பு வயரும் மோடம் வயரும் திரைக்குப் பின்னால போயிருச்சு. திரையை விலக்கி, மேடைக்குள்ள கைய விட்டுத்தான் எடுக்கணும். விட்டிருப்பேன்லா. ஷீலா ஏசட்டுமே, எனக்கென்ன. ஆனா இவரு அந்தத் திரையவே பார்த்துக்கிட்டு அழுதாரு. கூடப் பிறந்தவனுக்குப் போய் ஒரு பிடி அரிசி போட முடியல. தோள் கொடுக்க முடியல. படுத்த இடத்துல இருந்து அண்ணனுக்குன்னு செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதுலயும் நான் கைய விட்டுக் கலைக்கவா?"



காஞ்சனாவுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருக்கிறார். கரண்டு போய்விட்டது என்று மட்டும். காஞ்சனா அழாத குறையாகப் பதில் போட்டிருந்தார்: "சாரிக்கா, சிஸ்டம் ஆட்டோவா க்ளோஸ் பண்ணிருச்சு. மூணு மாசம் கழிச்சு அடுத்த பேட்ச்ல கண்டிப்பா அப்ளை பண்ணுங்க." சாவு என்று சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார்களோ என்று கேட்டேன். "எல்லாரும் சாவுன்னுதான் சொல்லுவாங்க தம்பி. நம்ப மாட்டாங்க" என்றார்.

பிறகு, நான் கிளம்பும்போது, "ஷீலாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. அதுக்கு அண்ணன் போன துக்கமே போதும்" என்றார். அந்தச் சுவிட்சால் என்ன போயிற்று என்பது ஷீலாவுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாதம் காத்திருக்க அந்த வீட்டில் வசதியில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம், கூலிமில் என் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் பிரேமாக்காவைப் பார்த்தேன். தலையில் வலைத்தொப்பி, கையில் கரண்டி. காலை ஐந்தரைக்கே தொழிற்சாலை பஸ்ஸில் வந்துவிடுகிறாராம். கட்டிலுக்கு எதிரே, கூரையோரமாக ஒரு சின்னக் கேமரா வைத்து அதை மோடத்தோடு இணைத்திருக்கிறார். அதையும் அவரே பூட்டியிருக்கிறார். நடுப்பகலில் ஷீலா வந்து அண்ணனுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போகிறார். மற்ற நேரத்துக்குக் கேமராதான் காவல்.

சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார். நான் தட்டோடு வரிசையில் அவர் முன்னால் வந்தபோது திரையில் அந்த ஹால் தெரிந்தது. குணாளனின் தலையணை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய இடது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

பிரேமாக்கா குனிந்து கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"ஏங்க, இழுக்காதீங்க. ஷீலா இப்ப வந்துரும்."

குரல் அந்த ஹாலில் ஒலித்திருக்க வேண்டும். குணாளன் கையை நிறுத்தினார். தலையை மெல்லத் திருப்பி வாசல் கதவைப் பார்த்தார். வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இல்லைங்க" என்றார் பிரேமாக்கா. "மேல. இங்க."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் தட்டால் இடித்தார்கள். அவர் நிமிர்ந்தார்.

"என்ன குழம்பு தம்பி, மீனா கோழியா?"